விசில் ஊதாமல் இருந்திருக்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை மகளை ஒரு முழுநாள் நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். நான்காம் வகுப்பு படிக்கிறாள். ‘குழந்தைகளின் முழுமையான வளர்ச்சிக்கு ஒரு நாள்’ என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருந்தது. காலை ஒன்பதரைக்கு யோகா, பத்தேகாலுக்குக் கதை, பதினொன்றுக்குக் காகித மடிப்பு, அப்புறம் மரபு விளையாட்டு, மதியம் களிமண், மூன்றரைக்குச் சான்றிதழ். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மனம்’, ‘உடல்’, ‘படைப்பாற்றல்’ என்று போட்டிருந்தார்கள். சத்துமாவுப் பாக்கெட்டின் பின்பக்கம் மாதிரி இருந்தது.

ஏற்பாடு செய்த பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. காசு வாங்கவில்லை, சாப்பாடு நன்றாக இருந்தது. ஒரு குழந்தை கையிலும் போன் கிடையாது. பெற்றவர்கள் கையில்தான் இருந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்புரை என்று முக்கால் மணி நேரம் போனதையும் விட்டுவிடுகிறேன். நம் ஊரில் அது இல்லாமல் எதுவும் தொடங்காது.

நான் சொல்ல வந்தது பல்லாங்குழி நேரத்தில் நடந்தது.

நான்கு பலகைகள், ஒரு பை நிறையப் புளியங்கொட்டை. என் மகளும் முன்பின் தெரியாத ஒரு பையனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பக்கத்துக்கு ஏழாக 14 குழி, குழிக்கு ஐந்து கொட்டை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தகராறு. அவன் பக்கத்துக் குழி ஒன்றில் நான்கு கொட்டை சேர்ந்ததும் “பசு!” என்று அள்ளிக்கொண்டான்.

“எங்க வீட்ல பசுவெல்லாம் கிடையாது.”

“அப்போ ஒங்க வீட்ல தப்பா வெளாடுறீங்க.”

பையன் தன் ஆச்சியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டான். ஆச்சி வந்து பலகையைப் பார்த்தார். “எங்க காலத்துல குழிக்கு ஆறுல்லா போடுவோம், இதென்ன அஞ்சு?” என்று மூன்றாவது கட்சியாகிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உம்மென்று இருந்தார்கள். அப்புறம் அவர்களே பேசி முடித்தார்கள்: முதல் ஆட்டம் பசுவோடு, அடுத்த ஆட்டம் பசு இல்லாமல்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பசு உண்டு என்றானதும், தன் பக்கத்தில் எந்தக் குழியில் மூன்று கிடக்கிறது என்று இவள் கண் வைக்க ஆரம்பித்தாள். கொட்டையை எடுக்கும் முன்பே விரலைக் காற்றில் நகர்த்தி, கடைசிக் கொட்டை எங்கே விழும், அடுத்த குழியில் எத்தனை இருக்கும், அதை எடுத்தால் எதுவரை போகும் என்று எண்ணிப் பார்த்தாள். வீட்டில் கூட்டல் கணக்கு என்றாலே தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவள்! இரண்டு முறை கணக்குத் தப்பி, அடுத்தடுத்து இரண்டு வெறுங்குழியில் மாட்டினாள். மூன்றாவது முறை சரியாக ஒரே ஒரு வெறுங்குழி. அதைத் துடைத்துவிட்டு, அடுத்த குழியிலிருந்த ஒன்பதையும் அள்ளினாள்.

விசில். “குட்டீஸ், டைம் ஆச்சு! எல்லாரும் எந்திரிங்க!”

கொட்டைகள் பைக்குள் போயின. பசு இல்லாத ஆட்டம் நடக்கவே இல்லை.

கோலி விளையாடும் சிறுவர்களிடம் போய் உட்கார்ந்து, ‘இந்த விதியை யார் போட்டது, மாற்றலாமா’ என்று கேட்டுக்கேட்டு, குழந்தைக்கு நியாயம் என்பது எப்படிப் புரிபடுகிறது என்று 1932இல் எழுதினார் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே. அவர் தேடிப்போனது இந்தத் தகராறு மாதிரி ஒன்றைத்தான். நமக்கு அது ‘சத்தம் போடாதீங்க’.

இந்த அவசரம் அந்த ஒரு நாளோடு போவதில்லை. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. செயல்பாட்டின் வழியாக, தானே கண்டறிந்து கற்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும் என்று நல்ல முயற்சிகளும் வந்தன. ஆனாலும் பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது நாம் படித்த காலத்திலிருந்து நடக்கிறது. அந்தக் கடனை யாரும் திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை.

1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 31ஆவது பிரிவு குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்கிறது. விளையாட்டுக்கும் முன்னால் அங்கே இருப்பது ஓய்வு. ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரமும் உரிமைதான். முழுமையான வளர்ச்சி என்று நோட்டீஸ் அடிக்கிறோம், சும்மா இருக்க மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை.

பெற்றவர்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெயர் கொடுக்கப் போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, “என்னென்ன சொல்லித் தருவீங்க?” என்பதுதான். இப்படி நாற்பது பேர் கேட்டால் அந்தப் பிள்ளைகள் பாவம், அட்டவணைதானே போடுவார்கள்? சும்மா விளையாட விடுவோம் என்று சொல்லியிருந்தால், நானே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மறுநாள் குழுவில் கருத்துக் கேட்டார்கள். “மிக்க நன்றி. அடுத்த முறை மதியத்துக்கு மேல் ஒன்றும் வைக்காதீர்கள், பலகையையும் கொட்டையையும் அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது” என்று போட்டேன்.

ஒரு கட்டைவிரல் வந்தது. கூடவே, அடுத்த மாத நிகழ்ச்சிக்கு அபாகஸ் சேர்க்க முடியுமா என்று ஒரு அப்பா கேட்டிருந்தார்.