அடுப்புக் கதவுக்குள் 165 டொலர்

“அடுப்புக் கதவின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே கறை காணப்படுகிறது.” திறப்பைக் கையளித்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை 4.52 மணிக்கு, ஐந்து வருடம் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த சிட்னியின் வென்ட்வேர்த்வில் வீட்டின் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து இந்தத் திருவாசகம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை 4.52 என்பது அவர்கள் சோதிடம் பார்த்துக் குறித்த நேரம். திருப்பி அழைத்தால் திங்கட்கிழமை வரை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். கறைக்கு 165 டொலர், கார்பெட்டைத் தொழில்முறையில் கழுவாததற்கு 220 டொலர், ஆக 385 டொலரை, குடிவரும்போது ஈடாகக் கட்டிய பொண்ட் பணத்தில் கழித்துக்கொள்ள நான் சம்மதித்தால் மீதி 1,535 டொலரை “உடனே” விடுவிக்கலாமாம்.

அந்தக் கண்ணாடிகளைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். இந்த நாட்டில் நாமெல்லோரும் ‘அவன்’ என்று அழைக்கும் அந்தப் பெட்டியின் கதவில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. எங்கள் அவனில் அவை முறுக்காணிகளால் இறுக்கப்பட்டிருந்தன, நடுவில் ஒரு விரல் கூட நுழையாது. நான் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்தேன், வெளிப்புறத்தைத் துடைத்தேன். அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, வினாகிரி தெளித்து, அது பொங்கி அடங்கும்வரை குசினித் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்து, இரவு ஒன்றரை மணிக்குப் பழைய பல்துலக்கியால் கம்பித் தட்டின் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தேன். மனைவி யன்னல் சட்டங்களின் தண்டவாளங்களில் சேர்ந்திருந்த மண்ணைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் பிறந்தபோதுகூட இருவரும் சேர்ந்து இத்தனை நேரம் விழித்திருந்ததில்லை. இவ்வளவுக்கும் பிறகு, எந்த மனிதக் கையும் புகமுடியாத அந்த இடைவெளியில் ஒரு பழுப்பு ஒழுக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே ஒருவர் கைவிளக்குடன் வந்து, முழங்காலில் நின்று, கண்ணாடிக்குக் கீழிருந்து மேல்நோக்கி ஒளிபாய்ச்சி, அதை மூன்று கோணங்களில் படமெடுத்திருக்கிறார்.

இதே அலுவலகம்தான், குளியலறைக் குழாய் இரவு பகலாக ஒழுகுகிறது என்று நான் எழுதியபோது அதைப் பார்க்க ஆள் அனுப்புவதற்குப் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டது. அப்போது கைவிளக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. கடைசிச் சோதனைக்கு நானும் வரலாமா என்று கேட்டதற்கு நேரம் பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். இருதரப்பும் பார்த்திருக்கச் செய்யவேண்டிய சோதனை அது, குறைந்தபட்சம் வருவதற்கு நியாயமான வாய்ப்பாவது தரவேண்டும் என்பது சட்டம். எனக்குக் கிடைத்த அறிவிப்பு அந்த 4.52 மின்னஞ்சல்தான்.

சட்டத்தில் குறையில்லை என்பதுதான் எரிச்சலை இரட்டிப்பாக்குகிறது. நியூ சவுத் வேல்ஸின் 2010ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி பொண்ட் நான்கு வார வாடகையைத் தாண்டக்கூடாது. அது வீட்டுக்காரரின் பையில் இருக்காது, அரசின் ஃபெயார் ட்ரேடிங் பிரிவிடம் வைப்பிலிடப்படும். நியாயமான தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை. செல்லப்பிராணி வளர்க்க அனுமதி வாங்கியிருந்தாலொழியக் கார்பெட்டைத் தொழில்முறையில் கழுவவேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடவே முடியாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிராணி நான்தான். இதைப் பிரிவு எண்ணோடு எழுதி அனுப்பியபோது வந்த பதில்: “எல்லா வாடகைக்காரர்களிடமும் நாங்கள் கேட்பது இது, எங்கள் அலுவலக நடைமுறை.” பாராளுமன்றம் ஒன்று சொல்ல, பரமற்றாவுக்குப் பக்கத்து மாடியிலுள்ள ஒரு அலுவலகம் வேறொன்று சொன்னால், எது மேலோங்கும் என்பதை வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் அறிவீர்கள்.

சென்னையிலிருந்து வந்த அலுவலக நண்பர் ஒருவர், ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலி செய்கிற அன்று வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பறிகொடுத்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு, “அங்கே கழிப்பதற்கு ஒரு சுவராவது இருக்கும்” என்றார்.

சரி, சம்மதிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? ஏஜென்ட் தன்பாட்டில் ஃபெயார் ட்ரேடிங்கிடம் அந்தத் தொகையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். எனக்கு 14 நாள் அறிவித்தல் வரும். அதற்குள் நான் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் நியாயசபையில் வழக்குப் பதியாவிட்டால் பணம் அவர்களுக்கு. இங்கே ஒரு அழகைக் கவனியுங்கள். மாநிலம் முழுவதும் வாடகைக்காரர்கள் கட்டிய பொண்ட் பணம் ஒரே இடத்தில் குவிந்து, அதன் வட்டியில் ஒரு பங்கு அந்த நியாயசபை நடப்பதற்கே போகிறது. ஆக, என் பணத்தின் வட்டியால் நடக்கும் சபையில், என் பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு, நான் கட்டணம் கட்டி, அரைநாள் லீவு போட்டு, அடுப்புக் கதவின் படங்களை அச்சடித்துக்கொண்டு போய் நிற்கவேண்டும். மறுபக்கத்தில் சம்பளத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். 385 டொலருக்காக யார் இத்தனை பாடு படுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த மின்னஞ்சல் எழுதப்படுகிறது. ஆயிரம் டொலர் கேட்டால் சண்டைக்கு வருவோம். ஐம்பது கேட்டால் அவர்களுக்குக் கட்டாது. மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுக்கும் தொகையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் நுட்பம் மட்டும் குழாய் திருத்துவதில் இருந்திருந்தால்!

அதோடு நமக்கு அவசரமும் இருக்கிறது. பழைய பொண்ட் ஐந்து வருடத்துக்கு முந்தைய 480 டொலர் வாடகைக்குக் கட்டிய 1,920. புதிய வீட்டுக்கு வாரம் 650. பொண்ட் 2,600, இரண்டு வார முன்வாடகை 1,300, மொத்தம் 3,900 டொலரைப் பழையது கைக்கு வருமுன்னரே வைத்தால்தான் திறப்புத் தருவார்கள். மச்சானிடம் கடன் வாங்கிக் கட்டினோம். “உடனே” என்ற அந்தச் சொல்லின் விலை இதுதான். கடன்காரனுக்கு முன்னால் அதை ஆட்டிக் காட்டினால் அவன் அடுப்புக் கறையை மட்டுமல்ல, அடுப்பையே வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பான்.

நானும் ஒப்புக்கொள்ளத்தான் போனேன். சனிக்கிழமை இரவு, தலைவிதியே என்று பதில் எழுத உட்கார்ந்தபோது, குடிவந்த நாளில் எடுத்த படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. மகள் அப்போது கைக்குழந்தை. படங்களில் பாதி அவளுடைய கால். அவற்றில் ஒன்றில், கால் பெருவிரலுக்குப் பின்னால், அடுப்புக் கதவு. அதன் கண்ணாடிக்கு நடுவில் அதே பழுப்பு ஒழுக்கு, அதே வளைவு, திகதியோடு! எங்களுக்கு முன்பிருந்த யாரோ ஒரு புண்ணியவான் பொரித்த எண்ணெய். அந்தக் கறைக்காக அவரிடமும் 165 டொலர் வாங்கியிருப்பார்களோ, அவருக்கு முன்பிருந்தவரிடமும் வாங்கியிருப்பார்களோ என்று யோசித்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, ஒருவகை மரியாதை. இவ்வளவு வருமானம் தரும் கறையை யார்தான் துடைப்பார்கள்?

அன்றிரவே நான் முந்திக்கொண்டு, ஃபெயார் ட்ரேடிங்கின் இணையத்தளமான ரென்டல் பொண்ட்ஸ் ஒன்லைனில் முழு 1,920 டொலரையும் கேட்டு விண்ணப்பித்தேன். வாடகைக்காரரே முதலில் கேட்டுவிட்டால் 14 நாள் ஏஜென்டின் தலையில் ஓடத் தொடங்கும், நியாயசபைக்குப் போகவேண்டியவரும் அவராகிவிடுவார் என்பதை ஐந்து வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பெருவிரல் படத்தையும் ஏஜென்டுக்கு அனுப்பிவைத்தேன். இன்று ஒன்பதாம் நாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவ்வளவு சுறுசுறுப்பான அலுவலகத்திலிருந்து ஒரு வரி பதில் இல்லை.

இதற்கிடையில், குடிவரும்போது வீடு எப்படி இருந்தது என்று பதியும் நிலை அறிக்கை புதிய வீட்டுக்கு வந்திருக்கிறது. ஏழு நாட்களுக்குள் நிரப்பித் திருப்பவேண்டும். மூன்று நாளுக்கு முன் இரவு குசினித் தரையில் மல்லாந்து படுத்து, தொலைபேசி வெளிச்சத்தில், அடுப்புக் கதவை மூன்று கோணங்களில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் நின்ற அந்த மனிதரை விடவும் கீழே போய்விட்டேன். அறிக்கையில் அடுப்புக்கு நேரே, ‘சுத்தம்’ என்ற கட்டத்தில் ஏஜென்ட் ‘ஆம்’ என்று போட்டிருக்கிறார். கதவைத் திறந்தால், கம்பித் தட்டின் மேல் கருகிய பீட்சாத் துண்டு ஒன்று.

எடுத்துக் குப்பையில் போடப் போனேன். பின்னாலிருந்து மனைவி தடுத்தார்: “அதைத் தொடாதேங்கோ. அறிக்கை குடுத்து முடியட்டும், அதுதான் எங்கட சாட்சி.”

சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு நொந்துவிட்டது. துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நாளாகக் கடைச் சாப்பாடு.