கொக்குவிலிலிருந்து வேலணைக்கு ஒரு படம் போகாதாம்

படம் என்னுடையது. காசு கொடுத்து வாங்கிய டிவிடிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி வைத்தவன் நான். அந்தக் கணினி கொக்குவிலில் என் மேசைக்குக் கீழே இருக்கிறது. படம் ஓட வேண்டிய தொலைக்காட்சி வேலணையில் அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதுவும் எங்கள் காசுதான். நடுவில் இருப்பது பண்ணைப் பாலமும் கொஞ்சம் கடலும். இந்தத் தூரத்துக்கு ஒரு படத்தை அனுப்ப முடியாது என்றால், இந்த இணையத்துக்கு மாதா மாதம் எதற்காகக் கட்டணம் கட்டுகிறோம்?

அம்மா இப்போது அக்காவோடுதான் இருக்கிறார். அவர் கேட்பது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், சில மலையாளப் படங்கள், பிறகு டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் கல்யாண வீடியோக்கள், சாமத்திய வீட்டு வீடியோக்கள். யாழ்ப்பாணத்தில் இவை இல்லாத வீடு எது? விசா கிடைக்காத பெற்றோர் பேரப்பிள்ளையின் கல்யாணத்தைத் திரையில்தான் பார்த்து முடிக்கிறார்கள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். “சந்தா கட்டிப் பார்க்கலாமே” என்று புத்தி சொல்ல வருகிறவர்களைக் கேட்கிறேன்: எந்தச் சந்தாவில் ஐயா என் மாமா மகளின் சாமத்திய வீடு ஓடுகிறது? பொதுத் தளம் ஒன்றில் ஏற்றிப் பார்த்தோம். பின்னணியில் சினிமாப் பாட்டு இருக்கிறது, உரிமை வேறொருவருடையது என்று ஒலியை வெட்டிவிட்டார்கள். மேளம் இல்லை, பாட்டு இல்லை, ஆராத்தி மட்டும் ஊமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சரி, நம் கணினியிலிருந்து நாமே அனுப்புவோம் என்று இறங்கினால் முதல் சுவர் முகவரி. வெளியிலிருந்து ஒருவர் என் கணினியைத் தேடி வர, என் ரவுட்டருக்கு இணையத்தில் சொந்த முகவரி ஒன்று வேண்டும். எனக்கு அது கிடையாது. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிப் பங்குக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி, வாடிக்கையாளர் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைப்பது. இதற்கென்றே 2012இல் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கியும் கொடுத்தார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. படலை நம் கையில் இல்லை.

அதற்கு அடுத்த முகவரி முறையான ஐபிவி6 1998இலேயே எழுதி முடிக்கப்பட்டது. முகவரிப் பஞ்சம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் அக்கா வீட்டு 4ஜி பெட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பாட்டுக் கேட்டேன். நிறையக் கேட்டேன். கடைசியில் ஒரு பிள்ளை வந்து, “சேர், ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள்” என்றார். பிரச்சினை அதுவல்ல, எனக்குப் பொது முகவரி வேண்டும் என்றேன். “படம் பார்க்க அது தேவையில்லை சேர்.” பார்க்க இல்லை தங்கச்சி, அனுப்ப! கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, அது வணிக இணைப்புகளுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. வீட்டிலிருக்கும் மனிதனுக்கும் அனுப்புவதற்கு ஏதாவது இருக்கும் என்று அவருடைய முதலாளிகளுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் எரிகிறது. விளம்பரப் பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பது பதிவிறக்க வேகம். மேலே அனுப்பும் வேகம் எவ்வளவு என்று தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

இனி டேட்டாக் கணக்கு. ஓரளவு தெளிவான படம் நொடிக்கு 8 மெகாபிட் என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 7.2 ஜிபி. கொக்குவிலில் அனுப்பியதற்கு என் கணக்கில் 7.2 கழிகிறது. வேலணையில் பெற்றதற்கு அக்காவின் கணக்கில் இன்னொரு 7.2 கழிகிறது. ஒரே படம், ஒரே குடும்பம், இரண்டு கழிவு. போதாததற்கு, டேட்டாவில் பெரிய பங்கை நள்ளிரவுக்குப் பின் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் அமரும் அம்மாவை, அலாரம் வைத்து இரவு ஒரு மணிக்கு எழுப்பிப் படம் காட்டவா?

மென்பொருள்காரர்களும் சும்மா இல்லை. பல ஆண்டுகளாக இலவசமாகச் செய்துகொடுத்த ஒரு புகழ்பெற்ற மென்பொருள், வெளியிலிருந்து சொந்தப் படத்தைப் பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் 29 முதல் கட்டணம் கேட்கிறது. குறைந்த திட்டமே மாதம் 1.99 டொலர், நம் காசில் ஏறத்தாழ 600 ரூபாய். படம் என் வட்டில் இருக்கிறது, மின்சாரம் என்னுடையது, அதைச் சுமப்பது என் இணைப்பு. இவர் எதற்குச் சுங்கம் வாங்குகிறார்? ஜெலிஃபின் என்று முழு இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பரில், எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது பிரிந்து வந்தது. அதை எழுதுகிறவர்களின் பெயருக்கு நல்லூரில் அர்ச்சனையே செய்விக்கலாம். ஆனால் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியின் செயலிக் கடையில் அது கிடையாது. அதற்காக ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினோம். முகவரிச் சிக்கலுக்காக வெளிநாட்டில் ஒரு சிறிய சேவையகத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு வீட்டையும் அதனோடு தனிப் பாதையில் இணைக்கும் வயர்கார்ட் என்ற மென்பொருளைப் போட்டேன். இப்போது கொக்குவிலில் புறப்படும் படம் சிங்கப்பூர் வரை போய், அங்கிருந்து திரும்பி வேலணைக்கு வருகிறது. என் படத்துக்குக் கிடைத்த வெளிநாட்டுப் பயணம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

வந்து சேர்ந்த பிறகாவது நிம்மதி உண்டா? தொலைக்காட்சி தனக்குப் பிடித்த வகைக் கோப்பைத்தான் திறக்கும். பெரிய நிறுவனம் ஒன்று டிடிஎஸ் என்ற ஒலி வகையை 2018ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தே கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட பெட்டியில் படம் தெரியும், வாய் அசையும், சத்தம் வராது. கோப்பு எச்இவிசி என்ற புதிய வகைச் சுருக்கத்தில் இருந்தால் பழைய தொலைக்காட்சிகளுக்கு அதுவும் ஆகாது. எல்லாவற்றையும் என் கணினிதான் ஓடும்போதே மாற்றிக் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதன் விசிறி போடும் இரைச்சலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

மலையாளப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டபோதுதான் எனக்கு உண்மையில் விசர் பிடித்தது. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது! இன்னமும் இந்தப் பெட்டிக்குக் கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை. ‘பெண்’ என்றால் முதலில் ‘ப’ நிற்கிறது, அதற்குப் பின்னால் கொம்பு அநாதையாக ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சில வரிகளில் எழுத்தே இல்லை, வெறும் கட்டங்கள். “தம்பி, இது என்ன பாஷை?” என்று அம்மா கேட்கிறார். மூன்று முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாராம், தன் கண்ணில்தான் பிழை என்று நினைத்து.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. தெற்கில் குரங்கு பாய்ந்தால் வடக்கில் படம் நிற்கும் நாடு இது.

“பென் டிரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடு” என்றார் அத்தான். கொடுத்துவிட்டேன். அக்காவின் தொலைக்காட்சி ஃபாட்32 வகையில் எழுதிய பென் டிரைவைத்தான் வாசிக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆகவே கல்யாணத்தைத் துண்டு போட்டேன். தாலி கட்டும் இடம் சரியாக இரண்டு துண்டுக்கும் நடுவில் போய் விழுந்தது. அக்காவுக்குத் தெரியாமல் அடுத்த துண்டுக்குப் பதிலாக முதல் துண்டே திரும்ப ஓடி, மாப்பிள்ளை மறுபடியும் மண்டப வாசலில் வந்து நின்றாராம்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஜெனரேட்டரை ஓட்டி, வீடியோ கசெட் போடும் டெக்கை வாடகைக்கு எடுத்து, அயல் முழுவதும் கூடி விடிய விடியப் படம் பார்த்த ஊர் இது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். ஆனால் கசெட்டைத் தூக்கிக்கொண்டு போன வீட்டில் அது ஓடியது. உன் முகவரி என்ன, உன் சந்தா என்ன என்று டெக் யாரையும் கேட்கவில்லை.

நேற்று டொராண்டோ மாமா செய்தி அனுப்பியிருக்கிறார். இளைய மகளின் கல்யாண வீடியோ முடிந்துவிட்டதாம். இந்த முறை 4கேயில் எடுத்திருக்கிறார்களாம், 61 ஜிபி. “அம்மாவுக்கு இன்றைக்கே போட்டுக் காட்டு” என்கிறார்.