டோனி ஸ்காட்: உட்கார்ந்திருக்கும் நாயகர்களின் இயக்குநர்

ஹாலிவுட் இயக்குநர் டோனி ஸ்காட் என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது 'டாப் கன்'. ஆரஞ்சு வானம், போர் விமானம், கூலிங் கிளாஸ், பைக். கூடவே "ஸ்டைல் இருக்கும், சரக்கு இருக்காது" என்ற வரியும் வந்துவிடும். அவர் இருந்த காலத்தில் விமர்சகர்கள் பலர் இதைத்தான் விதவிதமாக எழுதினார்கள். இயக்குநரான அண்ணன் ரிட்லி ஸ்காட் பெரிய கலைஞர், தம்பி விளம்பரப் பட ஆசாமி என்று பிரித்து வைத்தார்கள். கடைசி வரை ஓர் ஆஸ்கர் பரிந்துரைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2012 ஆகஸ்ட் 19 அன்று, 68 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் பலர் அவர் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பழைய வரி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, அதனால்தான் இந்தப் பதிவு.

ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு வேகமான படங்களை எடுத்தவரின் நாயகர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் அடைபட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 'கிரிம்சன் டைட்'டில் நீர்மூழ்கிக் கப்பல். 'ஸ்பை கேம்'மில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் பணி ஓய்வு பெறும் நாள் முழுக்க அமெரிக்க உளவுத் துறையான சிஐஏவின் அலுவலகத்தில் ஒரு கூட்ட அறைக்குள் மாட்டிக்கொள்கிறார். பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே, சீனச் சிறையில் கிடக்கும் தன் ஆளை மீட்க ரகசியமாக வேலை பார்க்கிறார். 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் 123'இல் டென்ஸல் வாஷிங்டன் சுரங்க ரயில் கட்டுப்பாட்டு அறையில் மைக் முன்னால். 'அன்ஸ்டாப்பபிள்' படத்தில் ரயில் இன்ஜின் கேபின். 'டாப் கன்' மட்டும் என்ன, அதுவும் காக்பிட்டுக்குள் இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டுண்ட மனிதர்கள்தான். அவர்களால் எழுந்து நடக்க முடியாது, அதனால் கேமரா நடக்கிறது, சுற்றுகிறது, பாய்கிறது. மனசு ஓடுகிற ஓட்டத்தைக் கேமரா ஓடிக் காட்டுகிறது. இதைத்தான் "சும்மா ஸ்டைல்" என்று ஒதுக்கினார்கள்.

'கிரிம்சன் டைட்' (1995) இதற்கு நல்ல சாட்சி. அணு ஏவுகணை ஏவச் சொல்லி ஓர் உத்தரவு வந்துவிட்டது. இரண்டாவது உத்தரவு பாதியில் அறுந்துவிட்டது. ஏவியே தீரவேண்டும் என்கிறார் கேப்டன் ஜீன் ஹேக்மேன். உறுதிப்படுத்தாமல் கூடாது என்கிறார் அடுத்த நிலை அதிகாரி டென்ஸல். கப்பலுக்குள் கலகம் என்ற கதை பிடிக்காததால் அமெரிக்கக் கடற்படை உதவ மறுத்துவிட்டது. பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்பிய ஒரு நிஜ நீர்மூழ்கியைத் துரத்திப் போய், அது முங்குவதைப் படக்குழு எடுத்துக்கொண்டு வந்தது. பார்த்தால் அது யுஎஸ்எஸ் அலபாமா, கதையில் வரும் அதே கப்பல்!

ஆனால் நான் சொல்ல வந்தது குதிரை பற்றிய அந்தப் பேச்சு. ரேடியோ சரியாகும் வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். உலகம் அழியுமா பிழைக்குமா என்று தெரியாத அந்த நிமிடங்களில், ஹேக்மேன் நிதானமாக லிப்பிஸானர் குதிரைகளைப் பற்றிப் பேச்சை எடுக்கிறார். அவை போர்ச்சுகல் குதிரைகள், எல்லாமே வெள்ளை என்கிறார். இல்லை, ஸ்பெயினைச் சேர்ந்தவை, பிறக்கும்போது கறுப்பாக இருக்கும் என்கிறார் டென்ஸல். வெள்ளைக்கார கேப்டன், கறுப்பின அதிகாரி. அந்தக் குதிரைப் பேச்சில் எத்தனை அடுக்கு இருக்கிறது பாருங்கள். இருவரும் குரலை உயர்த்தவே இல்லை. இந்த இடத்தில் "சரக்கில்லாத" இயக்குநர் என்ன செய்கிறார்? முகங்களை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். கண் இமை அசைவது வரை தெரிகிறது. மற்ற காட்சிகளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கப்பலுக்குள் வெளிச்சத்தைக் கொட்டியவர், எங்கே கை கட்டி நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

அவர் அடிப்படையில் ஓவியர். வடகிழக்கு இங்கிலாந்துக்காரர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர். அண்ணன் எடுத்த முதல் குறும்படத்தில் சைக்கிள் ஓட்டும் பையனாக நடித்தவர். காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டைத் தானே வரைவார். அண்ணனின் நிறுவனத்தில் வருஷக்கணக்கில் விளம்பரப் படங்கள் எடுத்தார். 'சாப்' (Saab) நிறுவனத்தின் காரும் போர் விமானமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் 'டாப் கன்' அவரைத் தேடி வந்தது. அதற்கு முன் 1983இல் எடுத்த 'தி ஹங்கர்' சரியாகப் போகவில்லை, விமர்சனங்களும் கடுமையாக இருந்தன.

'டாப் கன்' படப்பிடிப்பின் விமானந்தாங்கிக் கப்பல் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள், அவரே சொன்னதுதான். சூரியனுக்கு எதிரே விமானங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது கப்பல் திசை மாறியதும் வெளிச்சம் போய்விட்டது. திரும்பப் பழைய திசைக்குப் போக முடியுமா என்று கேட்டால், அதற்கு 25,000 டாலர் செலவாகும் என்றார் கப்பல் தலைவர். ஸ்காட் அங்கேயே செக் எழுதிக் கொடுத்துவிட்டார். சில நிமிட வெளிச்சத்துக்காக! அந்த ஆரஞ்சு வானம் இப்படிக் காசு கொடுத்து வாங்கியது. அடுத்த பத்து இருபது வருஷம் உலகம் முழுக்க எத்தனை இயக்குநர்கள் அந்த வானத்தைக் காப்பியடித்தார்கள்!

'டெஜா வூ' (2006) எனக்கு ரொம்பப் பிடித்தமானது. நான்கு நாள் முன்பு நடந்ததைத் திரையில் பார்க்க ஒரு கருவி. அதன் முன் உட்கார்ந்து, இறந்துபோன ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் புலனாய்வு அதிகாரி டென்ஸல். கொஞ்சம் கொஞ்சமாக அவள் மேல் மனம் போகிறது. தொட முடியாத ஓர் ஆளை நேசிப்பது. சினிமா பார்க்கும் நம் எல்லோருடைய நிலைமையும் அதில் இருக்கிறது. அதற்கு நடுவே ஒரு கார் துரத்தல். டென்ஸல் ஒரு கண்ணில் நான்கு நாள் முந்தைய இரவைப் பார்க்கிறார், இன்னொரு கண்ணில் இப்போதைய பகல் போக்குவரத்து. துரத்தப்படும் கார் இப்போது அங்கே இல்லவே இல்லை, ஆனால் மோதிக்கொள்ளும் வண்டிகள் எல்லாம் நிஜம். இதை யோசிப்பது ஒன்று, பார்ப்பவனுக்குக் குழப்பமில்லாமல் எடுத்து வெட்டுவது வேறு. கத்ரீனா புயல் சிதைத்த நியூ ஆர்லியன்ஸிலேயே போய் எடுத்தார்கள் என்பதால், கடந்துபோனதைச் சரிசெய்ய முடியுமா என்ற ஏக்கம் அந்த ஊர்த் தெருக்களிலும் தெரிகிறது.

சரி, 'மேன் ஆன் ஃபயர்' (2004). அவர் படங்களில் எதை உச்சம் என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். மெக்சிகோ நகரம், ஆள் கடத்தல், பாதுகாவலன் பழிவாங்குதல். ஒற்றை வரியில் சாதாரணக் கதை. 1987இலேயே இதே நாவலை வேறொருவர் படமாக எடுத்தும் இருக்கிறார். ஸ்காட் என்ன செய்கிறார் என்றால், கடத்தலுக்கு முன்பு கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தை டென்ஸலுக்கும் சிறுமி டகோட்டா ஃபேனிங்குக்கும் எழுதி வைத்துவிடுகிறார். நீச்சல் போட்டியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை மிரண்டு பிந்திவிடுகிறது. சத்தத்துக்குப் பயப்படாமல் பாய, குடியில் மூழ்கிக் கிடந்த மனிதன் கற்றுக்கொடுக்கிறான். அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் வரும் ரத்தத்துக்கெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு.

படத்தின் தோற்றத்தைப் பாருங்கள். ரிவர்சல் ஃபிலிமை (ஸ்லைடு எடுக்கும் வகை ஃபிலிம்) வேறு ரசாயனத்தில் கழுவியதால் நிறங்கள் எரிகின்றன. கையால் சுற்றும் பழைய கேமராக்களில் எடுத்ததால் பிம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நடுங்குகின்றன. சப்டைட்டில்கள் கீழே அடங்கிக் கிடக்காமல் திரை முழுக்க அலைகின்றன, பெரிதாகின்றன, கரைகின்றன. ஆங்கில வசனத்துக்கே சில இடங்களில் எழுத்து வருகிறது, ஒரு சொல் காதில் விழுந்து உள்ளே எதிரொலிப்பது போல. உடைந்துபோன ஒருவனின் தலைக்குள் உட்கார்ந்து பார்த்தால் உலகம் இப்படித்தான் இருக்கும்.

'டொமினோ'வில் (2005) இதே வித்தை அளவு மீறிப் போனது உண்மை. கதாபாத்திரங்கள் மூச்சு விட இடமில்லை. 'தி ஃபேன்' படத்தையும் நான் காப்பாற்றப் போவதில்லை. அவற்றை வைத்து மற்றவற்றை எடை போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

வேலை செய்யும் மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 'பெல்ஹாம்' படத்தில் ஒரு பயணியின் உயிரைக் காப்பாற்ற, தான் லஞ்சம் வாங்கியதை மைக்கில் ஒப்புக்கொள்கிறார் டென்ஸல், மொத்தக் கட்டுப்பாட்டு அறையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது. கடைசிப் படமான 'அன்ஸ்டாப்பபிள்' (2010), 2001இல் ஒஹாயோவில் ஓட்டுநர் இல்லாமல் 66 மைல் ஓடிய சரக்கு ரயிலை அடிப்படையாகக் கொண்டது. கட்டாய ஓய்வில் அனுப்பப்படும் பழைய ஓட்டுநரும் அந்த இடத்துக்கு வந்த இளைஞனும் ஒரே கேபினில். ரயிலை நிறுத்துவது அந்த இரண்டு தொழிலாளிகள். பங்கு விலையைக் கணக்குப் பார்க்கும் மேலதிகாரிகள் திரையில் எப்படித் தெரிகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நிஜ ரயில்களை ஓடவிட்டு எடுத்தார், வயது 65 தாண்டிய பிறகு.

2022இல் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்தை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தச் சமர்ப்பணத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தேடுகிறவர்கள் பழைய 'டாப் கன்'னோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். புதிதாகப் பார்க்கிறவர்கள் 'கிரிம்சன் டைட்'டில் ஆரம்பியுங்கள். அடுத்து 'ஸ்பை கேம்', 'டெஜா வூ', 'அன்ஸ்டாப்பபிள்'. 'மேன் ஆன் ஃபயர்' பார்க்கும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், செல்போனையும் தள்ளி வையுங்கள். பார்த்த பிறகும் "சரக்கில்லை" என்று தோன்றினால் கீழே எழுதுங்கள், காட்சி காட்சியாக உட்கார்ந்து பேசுவோம்.