பட்டறைப் புழுவை விடுங்கள், எரிப்பட்டுப் புழுவைப் பாருங்கள்

கொரியாவில் பட்டுக் கூட்டுப்புழுவை வேகவைத்துத் தெருவோரம் விற்கிறார்கள், டப்பாவிலும் அடைக்கிறார்கள். ஜப்பானின் நகானோ பக்கம் சோயாவும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டவைப்பார்கள். 2024 ஜூலையில் சிங்கப்பூர் அனுமதித்த 16 பூச்சி வகைகளில் இதுவும் உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டு, "சேலம், தருமபுரி நூற்புப் பட்டறைகளில் குவிந்து கிடக்கிறதே, அதை விற்கலாமே" என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அது தப்பு.

குவிகிறது என்பது உண்மைதான். 1 கிலோ நூலுக்கு ஏறத்தாழ 7 கிலோ கூடு போகும். அதில் 5 கிலோவுக்குக் குறையாமல் புழுதான். உலர்ந்த புழுவில் பாதிக்கு மேல் புரதம், கால் பங்குக்கு மேல் கொழுப்பு. அந்தக் கொழுப்புதான் வம்பு. சீக்கிரம் காறிப்போகும், பட்டறைப் பக்கம் போனாலே வருகிற நாற்றத்தில் அதற்கும் பங்குண்டு. நூல் எடுப்பதற்காகப் பல கூடுகளை அவித்த தொட்டித் தண்ணீரில் ஊறிய புழுவை ஈரத்தோடு குவித்துவைத்தால் கிருமி பெருகி ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகும். எவ்வளவு பொரித்தாலும் அது போகாது. கெட்ட சூரை மீன் தின்றாற்போல முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். கொரியாவிலும் இது நூற்பாலை உபரியாகத்தான் தொடங்கியது. ஆகவே குற்றம் புழுவில் இல்லை, தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே போகிற நேரத்தில் இருக்கிறது. நம் பட்டறைக் குவியல் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் போகட்டும்.

மனுசர் தின்பதற்கு எரிப்பட்டுப் புழுதான் சரி. அது வேறொரு வகைப் பட்டுப்புழு. அசாமில் போடோ பழங்குடி மக்கள் அதைச் சந்தையில் காய்கறியோடு வைத்து விற்கிறார்கள். அதன் கூட்டில் ஒரு முனை திறந்திருக்கும்; அவிக்காமலே புழுவை வெளியே எடுத்துவிடலாம். ஆமணக்கு இலை தின்னும், மரவள்ளி இலையும் தின்னும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளிக்கா பஞ்சம்? ஆனால் கால் பங்கு இலைக்கு மேல் பறிக்காதீர்கள், கிழங்கு சிறுத்துவிடும். மாவுப்பூச்சிக்கு மருந்தடித்த வயல் இலை அறவே கூடாது. புழு செத்தால்கூடப் பரவாயில்லை. சாகாமல் தப்பிய புழுவோடு மருந்து தட்டுக்கு வந்துவிடும்.

கூடு கட்டத் தொடங்கிய 5, 6ஆம் நாளில் எடுங்கள். கூடு கட்டுமுன்பே புழு வயிற்றைக் காலி செய்துவிடுவதால் உள்ளே கழிவு இருக்காது. கூட்டுக்குள் உரித்துப்போட்ட தோலை நீக்கி, கருத்ததையும் நசுங்கியதையும் கழித்துவிடுங்கள். உப்பு, மஞ்சள் போட்ட கொதிநீரில் 8 நிமிடம் வேகவைத்து, வடித்து, துணியில் ஒற்றி, ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திவிட்டுத்தான் எண்ணெயில் போட வேண்டும். குத்தாவிட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கடைசியில் இடித்த ஏற்காட்டு மிளகு. அன்றே சமைக்க முடியாதென்றால் வேகவைத்த கையோடு ஃப்ரீசரில் வையுங்கள்.

இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் பொடியாக்கி சத்துமாவில் சொல்லாமல் கலக்கிற வேலையை யாரும் செய்யாதீர்கள். பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.