சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது

"சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் போக டிக்கெட் எடுக்க வேண்டும், அது சுற்றுலாப் பயணிகளுக்கான இடம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பூங்கா காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. உள்ளூர்க்காரரோ வெளிநாட்டவரோ யாருக்கும் கட்டணமில்லை. உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்கள் உள்ள 'கார்டன்ஸ் பை த பே' வேறு இடம். அந்தக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சுற்றுலாவுக்கானது என்பதும் சரியல்ல. விடிகாலையில் போய்ப் பாருங்கள்: நடைப்பயிற்சி செய்பவர்கள், தைச்சி என்னும் சீன உடற்பயிற்சி பழகும் முதியவர்கள், நாயோடு வருபவர்கள் என்று பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்தான்.

அப்புறம், அது வெறும் பூந்தோட்டமும் அல்ல. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். மலாயாவின் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகப் பால் வெட்டியது இந்த வழியில்தான். 2015இல் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இந்த ஆய்வு வரலாறும் ஒரு முக்கியக் காரணம்.