மீதி 23 மணி நேரம்

எந்த ஓட்டப் பயிற்சி அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. செவ்வாய் இன்டர்வெல் (விட்டு விட்டு வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (சற்றுக் கடினமான வேகத்தில் விடாமல் ஓடுவது), ஞாயிறு லாங் ரன், நடுவில் இரண்டு ஈசி ரன், ஒரு ஓய்வு நாள். எத்தனை கிலோமீட்டர், என்ன பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்), வார்ம்அப் எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருப்பார்கள். முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், குழந்தைக்குக் காய்ச்சலா, ஆபீஸில் மாதக் கடைசியா, நாள் முழுக்க நின்றபடி வேலையா என்று கேட்க ஒரு கட்டம் கூட இருக்காது. திட்டமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். மீதி 23 மணி நேரம் வேறு யாரோ வாழ்கிற மாதிரி.

வேலை, வீடு இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறவர்களுக்கு வரும் சின்னச் சின்னக் காயங்களில் பெரும்பாலானவை அந்த எழுதப்படாத 23 மணி நேரத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் கட்சி. ஷூவை, ஓடும் தரையை, பாதம் விழும் விதத்தைக் குறை சொல்வது சுலபம். அவற்றுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டக்காரர் குழுவில் யாராவது "முட்டி பிடிச்சிக்கிச்சு" என்று போட்டால் முதலில் "என்ன ஷூ?" என்று கேட்கிற நாம், "இந்த வாரம் எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டதே இல்லை.

கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார் என்ற செய்தி வந்து விழும்போதெல்லாம் நம்முடைய 40, 50 ரொம்பக் கம்மி என்று தோன்றிவிடுகிறது. அந்தச் செய்தியின் மறுபாதியை யாரும் பகிர்வதில்லை. பயிற்சி முகாமில் அவரும் சக வீரர்களும் ஓடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், படுத்துக்கொள்கிறார்கள். மதியத் தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான். அந்த 200 கிலோமீட்டரிலும் பெரும்பகுதி நிதானமான ஓட்டம். 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் முடித்தவர், அதாவது கிலோமீட்டருக்கு 3 நிமிடத்துக்கும் குறைவாக 42 கிலோமீட்டர் ஓடியவர், ஈசி நாளில் 4 நிமிடத்தைத் தாண்டியும் ஓடுகிறார். அவர் வேகத்தோடு ஒப்பிட்டால் அது உலாத்தல். நாம் அவரிடமிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, தூக்கத்தையும் நிதானத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

உடம்புக்கு இருப்பது ஒரே பர்ஸ். மேலதிகாரியிடம் வாங்கிய திட்டுக்கும், விடிய விடிய விழித்ததற்கும், 8 தடவை 400 மீட்டர் ஓடியதற்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரியில் "அமெரிக்கன் ஃபுட்பால்" ஆடும் வீரர்களை ஒரு சீசன் முழுக்கக் கவனித்தார்கள். தேர்வு நடந்த வாரங்களில் அவர்களுக்குக் காயம் கூடியிருந்தது. மைதானம் மாறவில்லை, கோச் மாறவில்லை. பரீட்சை வந்தது, அவ்வளவுதான். 2014இல் வந்த இன்னோர் ஆய்வு பதின்வயது விளையாட்டு வீரர்களைப் பற்றியது: ராத்திரி சராசரியாக 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு. இவர்கள் யாரும் நம்மைப் போல நடுவயதில் ஓட வந்தவர்கள் இல்லை என்பது உண்மை. அந்த வயதுக்காரர்களுக்கே இப்படி என்றால் நமக்கு மட்டும் சலுகை கிடைக்குமா?

களைப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாக் களைப்பையும் ஒரே பெயரில் கூப்பிட்டுவிடுகிறோம். சரிவில் இறங்கி ஓடினாலோ, புதிதாக ஸ்குவாட் செய்தாலோ அடுத்த நாள் தொடை கல் மாதிரி இறுகி, மாடிப்படி இறங்க விடாது. ஒரு நாளில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், தானாக அடங்கிவிடும். இதற்கு "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு" என்று இன்னமும் விளக்கம் கொடுக்கிறார்கள். கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட், ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்த நாள் மாடிப்படியில் முனக வைப்பது அது அல்ல. தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது அதில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும்தான். இந்த வலிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

முதல் இரண்டு கிலோமீட்டரில் வரும் களைப்பு இன்னொரு ரகம். மூச்சும் இதயமும் காலின் தேவைக்கு ஈடுகொடுக்கச் சில நிமிடம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் "இன்னைக்கு நம்மால ஆகாது" என்று தோன்றுவதை நம்பக் கூடாது. மூன்றாவது கிலோமீட்டரிலும் அதே பாரம் இருந்தால் நம்பலாம்.

கவலைப்பட வேண்டிய களைப்பு வேறு. அது காலில் தொடங்காது. காரணமில்லாத எரிச்சல், உடம்பு சோர்ந்து கிடந்தும் தூக்கம் பிடிக்காமல் போவது, பிடித்த பாதையைப் பார்த்தாலே சலிப்பு, போன மாதம் சுலபமாக இருந்த பேஸில் இப்போது மூச்சு முட்டுவது. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பிடித்துப் பார்ப்பேன். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு இன்டர்வெல் கிடையாது, அட்டவணை என்ன சொன்னாலும் சரி. கைக்கடிகாரம் காட்டும் "ரெக்கவரி" (உடம்பு எவ்வளவு ஆறியிருக்கிறது) சதவீதத்தைவிட எனக்கு இந்த எண்மீது நம்பிக்கை அதிகம். இன்னொரு விஷயம், பல கடிகாரங்களில் இதயத்துடிப்பு ஜோன் (லேசு, கடினம் என்று பிரிக்கும் துடிப்பு வரம்புகள்) எல்லாம், 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்ற கணக்கில்தான் தொடங்குகின்றன. அது கூட்டத்துக்கான சராசரி. ஒரு தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம். கடிகாரம் சிவப்பு காட்டுகிறது என்று பதறுகிறவர்களும், பச்சை காட்டுகிறது என்று உடம்பு கெஞ்சக் கெஞ்ச ஓடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஈசி ரன்னை ஈசியாக ஓட நம்மால் ஏன் முடிவதில்லை? அகம்பாவம் என்பார்கள். ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் என்பார்கள். இரண்டும் இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் நேரப் பஞ்சம் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் நமக்கென்று கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம். அதை மெதுவாக ஓடித் தீர்த்தால் வீணடித்த மாதிரி மனசு உறுத்துகிறது. அதனால் ஈசி நாளையும் கொஞ்சம் இழுத்து ஓடுகிறோம். விளைவு, கடினமான நாளில் காலில் சரக்கு இருப்பதில்லை. வாரம் முழுக்க ஒரே நடுத்தர வேகம்: முன்னேறவும் போதாது, ஆறவும் விடாது. உயர்மட்ட ஓட்டக்காரர்கள், சைக்கிள்காரர்கள், படகு வலிப்பவர்கள் என்று பலருடைய பயிற்சியை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீபன் சீலர், அவர்களுடைய பயிற்சி நாட்களில் சுமார் 80 சதவீதம் மெதுவானவை என்று கண்டார். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பாருங்கள். "ம்... ஆமா... சரி" அளவில்தான் பதில் வருகிறது என்றால் அது ஈசி இல்லை.

இனி காயங்கள். நுரையீரலும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும், தசையும் அவற்றின் பின்னாலேயே வந்துவிடும். தசைநாணுக்கும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஓட ஆரம்பித்த மூன்றாம் நான்காம் மாதத்தில் பலருக்குத் கணைக்கால் எலும்போரம், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில், வலி தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சு "போகலாம்" என்கிறது, எலும்பு இன்னும் வரவில்லை. சுமை ஏற்றப்பட்ட எலும்பு முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. நடுவில் சில வாரங்கள் முன்பிருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். அந்த வாரங்களில் தூக்கமும் குறைந்து, நேரத்துக்குச் சாப்பிடாமலும் இருந்தால் கட்டுமானம் இன்னும் பின்தங்கும்.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். கணைக்கால் எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால், அதுவும் ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது வலித்தால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்பில் நுண்ணிய விரிசல் என்ற சந்தேகம். அப்போது தசையை உருட்டித் தேய்க்கும் ஃபோம் ரோலரையும் வலி நிவாரணக் களிம்பையும் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால் "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரே பலத்தில் மறுபடி ஓடக் கிளம்பாதீர்கள்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண் பெரிய ஏமாற்றுக்காரன். காலையில் முதல் அடி வைக்கும்போது விறைப்பாக இருக்கும். ஓடக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வலி காணாமல் போகும். "ஓடினா சரியாகிடுது" என்று சந்தோஷமாக இன்னும் நான்கு கிலோமீட்டர் சேர்த்து ஓடுவோம். மறுநாள் காலை வட்டியோடு திரும்பி வரும். ஓடும்போது வலிக்கிறதா என்பதை விட்டுவிட்டு, அடுத்த நாள் காலை எப்படி இருக்கிறது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் பல ஃபிசியோக்கள் சொல்லித்தருவதற்கு அடிப்படை. படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்காலை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று; மடக்கி அதேபோல; காலையும் மாலையும்; 12 வாரம். கூட்டிப் பாருங்கள், நாளைக்கு 180. நம் ஆட்களுக்கு மாரத்தானைவிட இதுதான் பெரிய சோதனை. 30 கிலோமீட்டர் ஓடச் சொன்னால் விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள், படியில் நின்று குதிகாலை இறக்கச் சொன்னால் நேரமில்லை. எட்டு கிலோமீட்டர் ஓடுகிற நாளில் ஆறோடு நிறுத்தி, மிச்சமாகும் நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்றால் முகம் சுருங்குகிறது.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியை எல்லோரும் வேதம் மாதிரி சொல்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கிய 500க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை அந்த விதிப்படியும் இன்னொன்றை அதைவிட வேகமாக ஏறும் திட்டப்படியும் ஓடவைத்தார்கள். 2008இல் வெளியான முடிவில் இரண்டிலுமே ஐந்தில் ஒருவருக்குக் காயம். இதை வைத்து இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்று வாதாட மாட்டேன். தூரத்தை மட்டும் பார்க்கிற கணக்கு போதாது என்பதற்கு இதைக் காட்டுவேன். ராத்தூக்கம் கெட்ட வாரத்தில் 10 சதவீதம் கூட்டுவதும், விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்த வாரத்தில் அதே 10 சதவீதம் கூட்டுவதும் ஒன்றாகுமா? மோசமான வாரத்தில் தூரத்தைக் கூட்டாமல் விட்டாலே அது ஒரு ஏற்றம்தான், ஏனென்றால் மற்ற சுமை ஏற்கெனவே ஏறியிருக்கிறது.

ஒரு வாரம் நிறுத்தினால் உழைத்ததெல்லாம் போய்விடும் என்ற பயம்தான் நிறையப் பேரை வலியோடு ஓடவைக்கிறது. 1984இல் எட்வர்ட் கோய்ல் என்ற ஆய்வாளரின் குழுவினர், நன்கு பயிற்சி பெற்றவர்களை முழுக்க நிறுத்தவைத்து அளந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் 21 நாட்களில் 7 சதவீதம் குறைந்தது. மூன்று வாரம் கையைக் கட்டி உட்கார்ந்தவர்களுக்கே இழப்பு அவ்வளவுதான். ஐந்து நாள் ஓய்வில் நீங்கள் இழப்பது ஸ்ட்ராவா வரிசையில் ஒரு இடம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி எனக்கு மென்மையாகப் பேச வராது. "ரெண்டு மாத்திரை போட்டு முடிச்சிட்டேன்" என்ற பதிவுக்குக் கைதட்டும் சின்னங்கள் குவிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீண்ட ஓட்டத்தில் உடம்பு நீரிழக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அதை மேலும் குறைக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மறைத்துவைப்பது முழங்காலின் வலி, பணயம் வைப்பது சிறுநீரகம். பதக்கத்தோடு நிற்கும் படத்தில் இது தெரியாது.

அதனால் என் அட்டவணையில் மூன்று கட்டம் கூடுதலாக இருக்கிறது: தூக்கம், காலை நாடி, அன்றைய வேலையின் பாரம். கடைசியதற்கு அளவுகோல் எதுவும் இல்லை, "லேசு", "சுமார்", "செம" என்று ஒரு வார்த்தை. மூன்று நாள் தொடர்ந்து "செம" வந்தால் நான்காம் நாள் ஓட்டம் பாதியாகும், வேகம் கிடையாது. எங்கள் குழுவில் இதைக் காட்டியபோது ஒருவர், "இப்படிப் பார்த்தா வருஷத்துல பாதி நாள் ஈசி ரன்தான் ஓட முடியும்" என்றார். பாதிக்கும் மேலேயே வரும் என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை போகும் நார்ப்பட்டை) பிடித்துக்கொண்டு, முழங்காலின் வெளிப்பக்கம் தொட்டாலே கத்துகிற நிலையில் ஃபிசியோவிடம் போய்வருகிறார். அங்கேயும் முதலில் ஷூவைத்தான் கேட்டார்களாம்.