கேஸ் இறங்கிவிட்டதாம்!

"உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி நேற்று மாலை 4.10க்கு வந்தபோது, நான் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெந்நீர் ஆவியைப் போல் காற்றை ஊதிக்கொண்டிருந்த அதே ஏசியின் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். தீர்ந்தது என் பொறுமையும் 2,800 ரூபாயும்தானே தவிர, புகார் அல்ல.

அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் ஏசி நின்றுபோன வீட்டைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எண் ஒன்றை அழுத்தி, எண் மூன்றை அழுத்தி, மூன்று நாள் காத்திருந்த கதையும் எல்லோரும் பட்டதுதான். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அதற்குப் பிறகு வந்த நாற்பது நிமிடங்களைப் பற்றியது.

வந்த மெக்கானிக், செருப்பைக் கழற்றும்போதே "கேஸ் இறங்கியிருக்கும் சார்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பிறகு ஒரு மரியாதைக்காக, உள்ளே இருக்கும் யூனிட்டின் முன்னால் உள்ளங்கையை ஒரு கணம் நீட்டினார். நாடி பார்க்கும் வைத்தியர்கூட மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, கொஞ்சமாவது யோசிப்பதுபோல் பாவனை செய்வார். இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. பால்கனியில் அவுட்டோர் யூனிட்டின் விசிறி சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரசர் சில நொடிகள் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு 'டக்'கென்று அடங்கிவிடுகிறது, சிறிது நேரம் கழித்து மறுபடியும் முனகுகிறது என்று நானே எடுத்துச் சொன்னேன். "கேஸ் இல்லேன்னா அப்படித்தான் சார் சத்தம் வரும்" என்றார். கேஸ் குறைந்தால் செப்புக் குழாயில் பனி படியும் என்பார்களே, இங்கே ஒரு துளி ஈரம்கூட இல்லையே என்றேன். "சுத்தமா காலி சார், அதான் பனியே இல்லை" என்றார். பனி படிந்தால் கேஸ் குறைவு, படியாவிட்டால் கேஸ் காலி என்றால், உலகத்தில் வேறு எந்தக் கோளாறுக்குமே இடமில்லை போலும்.

ஏசியில் இருக்கும் கேஸ் ஸ்கூட்டரில் ஊற்றும் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதைச் செய்யாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். "எங்கே கசிகிறது?" என்று கேட்டேன். "மைக்ரோ லீக் சார், கண்ணுக்குத் தெரியாது" என்றார். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, கண்ணுக்குத் தெரியாத கேஸ். பில் மட்டும் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

சிலிண்டர் சூடாகக் கூடாது என்று அதை அக்கறையோடு ஹாலின் நிழலில் வைத்து, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த அவுட்டோர் யூனிட்டில் குழாயை மாட்டி, பத்து நிமிடம் போனில் ஏதோ காணொளி பார்த்தார். "ரெண்டு மணி நேரம் ஓடட்டும், கூலிங் பிடிச்சிடும்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, "அந்த ஹேப்பி கோட் வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார். வேலை முடிந்து நான் மகிழ்ந்துவிட்டேன் என்பதற்கான ரகசிய எண்ணாம் அது. வியர்வை கண்ணில் இறங்க இறங்க, எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்ன அந்த முட்டாள் நான்தான்.

இன்று காலை, தெருமுனையில் ஃபேனும் மிக்ஸியும் பழுது பார்க்கும் பெரியவரை அழைத்துவந்தேன். பால்கனியில் நின்று ஒரே ஒரு முனகலைக் கேட்டார். மின்சாரத்தை நிறுத்தி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வெள்ளி நிறத்தில் ஓர் உருளையை எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் தலை இட்லியைப் போல் உப்பியிருந்தது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் அது. 50 மைக்ரோஃபாரட் என்று மேலே அச்சிட்டிருக்க, மீட்டரில் வைத்தால் 11 காட்டியது. புதியது 350 ரூபாய், கூலி 200 ரூபாய், பதினைந்து நிமிடம். ஏசி குளிர்ந்தது.

அப்படியானால் நேற்று ஏற்றிய கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கம்ப்ரசர் ஓடாதபோது உள்ளே இழுப்பது யார், சிலிண்டரிலும் மெஷினிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகத்தானே நின்றிருக்கும் என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "சிலிண்டரை எங்க வெச்சிருந்தாரு சார்?" என்று கேட்டார். ஹாலில், நிழலில் என்றேன். யூனிட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சூடான பக்கத்துலேர்ந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் சார் போகும். கொஞ்ச நேரம்தான் மாட்டியிருந்தாரு, நல்லவேளை."

திட்டுவதற்காகத் திறந்த வாயில் சிரிப்புதான் வந்தது. சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்; பெரியவரும் கூடச் சேர்ந்துகொண்டார். அப்போதுதான் அடுத்த குறுஞ்செய்தி வந்தது: நிரப்பப்பட்ட கேஸுக்கு 90 நாள் உத்தரவாதமாம்.